பூபதிராஜாவின் டூப்பு

கடன் கொடுத்தவர்கள் போன் செய்தால் எடுக்காமலிருப்பது எப்படி என்பதில் பூபதிராஜா கரை கண்டவர். மணி அடிக்கும்போது பாதியில் கட் செய்யக்கூடாது. செய்தால் ஆள் உயிரோடு பக்கத்தில்தான் இருக்கிறான் என்று தெரிந்துவிடும். முழுசாக அடித்து ஓய விட வேண்டும். ஓய்ந்து இரண்டு மணி நேரம் கழித்து, 'மீட்டிங்கில் இருந்தேன்' என்று ஒரு மெசேஜ் தட்ட வேண்டும். எட்டு தையல் மெஷின் வைத்து, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறவருக்கு யாரோடு மீட்டிங் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அன்றைக்குக் காலை எட்டரைக்கு மட்டும் ஏமாந்துபோனார். கண்ணாடி முன்னால் நின்று மீசைக்கு டை அடித்துக்கொண்டிருந்தார். போன் திரையில் வந்தது அவருடைய சொந்த எண். தன்னிடமிருந்து தனக்கே அழைப்பு வந்தால் எடுக்காமலிருப்பது எப்படி என்று அவர் இன்னும் பழகியிருக்கவில்லை. எடுத்துவிட்டார்.

"வணக்கம் முதலாளி. இது உங்க சொந்தக் குரலோட வசூல் நகலுங்க. சட்டப்படி இதை முதல்லயே சொல்லிரணுமுங்க."

குரல் அச்சு அசல் அவருடையது. 'முதலாளி' என்று சொல்லும்போது கொஞ்சம் நீட்டுவதுகூட.

"யார்றா அது? எங்கிட்டயே மிமிக்ரியா?"

"மிமிக்ரி இல்லீங்க. நான் கம்ப்யூட்டர்ல செஞ்ச உங்க டூப்புங்க."

டூப்பு என்ற பேச்சு திருப்பூரில் நாலைந்து மாதமாகவே அடிபட்டுக்கொண்டிருந்தது. பூபதிராஜாதான் அதெல்லாம் பெரிய கடன் வாங்கினவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"புதுச் சட்டம் வந்துதுங்கல்ல," என்றது குரல், அவர் தம் தையல்காரர்களுக்கு விளக்கம் சொல்கிற அதே பொறுமையோடு. "கடன் வாங்குனவரு, ஜாமீன் போட்டவரு, இந்த ரெண்டு பேரைத் தவிர மூணாவது மனுசன் யாருகிட்டயும் கடனைப் பத்திப் பேசக்கூடாது, மூணாவது மனுசன் யாரும் வந்து கேக்கவும் கூடாதுன்னு. வீட்டு முன்னால நின்னு கத்தறது, சட்டையப் புடிக்கறது எல்லாம் போச்சு. ஆனா ஒரு மனுசன் தனக்குத்தானே ஞாபகப்படுத்திக்கறதை எந்தச் சட்டமுங்க தடுக்கும்? அதான் ஃபைனான்ஸ்ல உங்களை வெச்சே உங்களை வசூல் பண்றாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயா?"

"முப்பத்தி நாலாவது பக்கத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பத்து வருசத்துப் போன் பேச்சு, மெசேஜ் எல்லாத்தையும் எடுத்துக்கலாம்னு. அதுக்குத்தான் வட்டில அரை பர்சென்ட் கழிச்சாங்க."

அந்த அரை பர்சென்டை, தாம் பேசிய பேச்சில் மேனேஜர் மிரண்டுபோய்க் குறைத்ததாக அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"இந்த மாசத் தவணை முப்பத்திரண்டாயிரம் வரலீங்களே முதலாளி."

பூபதிராஜா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "துணி எடுக்கற பையர் பேமென்ட் வரணும். வியாழக்கிழமை வந்துரும். வந்த உடனே..."

"அது வராதுங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பொய் சொல்றதுக்கு முன்னாடி நாம ஒருக்கா கனைப்போம். பத்து வருசத்துல மூவாயிரத்துச் சொச்சம் தடவை கனைச்சிருக்கோம். அதுல எண்ணூறு தடவை வியாழக்கிழமைன்னு சொல்லியிருக்கோமுங்க."

அடுத்த அறையிலிருந்து மனைவி சுகன்யா எட்டிப் பார்த்தாள். "யாருகூடப் பேசிட்டிருக்கீங்க?"

"என்கூடத்தான்," என்றார் பூபதிராஜா. வெகு நாளைக்குப் பிறகு அவளிடம் சொன்ன ஒரு உண்மை, அவள்தான் நம்பவில்லை. பாதி மீசை கறுப்பாகவும் பாதி நரையாகவும் அன்றைக்குத் தையல் ஷெட்டுக்குப் போனார்.

அவருக்கு இருந்த பயம் முப்பத்திரண்டாயிரத்தைப் பற்றியது அல்ல. தொடர்ந்து மூன்று தவணை தவறினால் கோர்ட் அமீனா ஜப்தி நோட்டீசோடு போய் நிற்கப்போவது அவர் வாசலில் இல்லை, அவிநாசியில் கோகிலவாணி வாசலில். கோகிலவாணி அவருடைய கூடப் பிறந்த அக்கா. புருஷன் போன பிறகு வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறவர். இரண்டு மெஷின் வாங்க ஐந்து லட்சம் கடன் எடுக்கிறேன் என்று பூபதிராஜா கேட்டபோது வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்து ஜாமீன் கையெழுத்தும் போட்டவர். எத்தனை பக்கம் என்றுதான் கேட்டார், எவ்வளவு தொகை என்று திருப்பிப் பார்க்கவில்லை.

தொகை பன்னிரண்டு லட்சம். ஐந்து லட்சத்துக்கு மெஷின் வந்தது உண்மை. மீதி ஏழு லட்சம் எங்கே போனது என்று அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கே தெரியும். கோகிலவாணியின் ஒரே மகள் தரணிகாவின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் என்று நூற்றைம்பத்தோரு தட்டு எடுத்துக்கொண்டு போனார் பூபதிராஜா. முன்னால் செண்டை மேளம், பின்னால் வரிசையாகத் தட்டு, தலைக்கு மேல் படம் பிடிக்கிற ட்ரோன். பட்டுச் சேலை, வெள்ளிக் குத்துவிளக்கு, முந்திரி, ஆப்பிள், ஒரு தட்டில் ஸ்கூட்டர் சாவி. வேறொரு மண்டபத்தில் யாரோ நூற்றியொரு தட்டு வைத்ததாகக் கேள்விப்பட்டு ஐம்பது கூட்டியிருந்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் தம்பி மாதிரி வருமா" என்று சம்பந்தி வீட்டாரிடம் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஏழு லட்சம் அதிகம் என்று பூபதிராஜாவுக்கு அன்று தோன்றவே இல்லை.

ஆக, அக்காவின் வீட்டையே அடமானம் வைத்து அக்காவுக்குச் சீர் செய்த ஒரே தம்பி அவர்தான். தம்மைத் தாமே இப்படி அறிமுகப்படுத்திக்கொள்ள அவருக்குச் சில நாட்களில் தோன்றும். உடனே டிவி போட்டுவிடுவார்.

எட்டு மாதம் ஒழுங்காகக் கட்டினார். அப்புறம் ஒரு பையர் கம்பெனியை மூடிவிட்டுப் போனான். அதிலிருந்து டூப்பு தினம் எட்டரைக்கு வந்தது. முதல் வாரம் அவரைப் பாடாய்ப் படுத்தியது. மெஷின் ரிப்பேர் என்றார். எந்த மெஷின் என்று கேட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்றார். பின்னால் பேக்கரியில் பப்ஸ் சூடாக வந்திருக்கிறது என்று கத்துகிறார்களே என்றது. தன்னிடமே பொய் சொல்லிக் கையும் களவுமாகப் பிடிபடுவதில் இருக்கிற அவமானத்தைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் கிடையாது.

அந்தப் பேக்கரியில்தான் நண்பன் ஈஸ்வரன் அவருக்கு நிலைமையை விளக்கினான். ஈஸ்வரன் நூறு மெஷின் ஓட்டுகிற கம்பெனிக்காரன். காலணாவை எடுத்தால் அதை இரண்டு தரம் திருப்பிப் பார்க்கிற கஞ்சன்.

"மாப்ள, எனக்கும் போன வருசம் ஒண்ணு வந்துச்சு. ஒரே மாசந்தான். முழுசாக் கட்டிட்டேன்."

"ஏன்டா?"

"அது நானு. நான் எவனை உட்டிருக்கேன், சொல்லு. ராத்திரி சாப்பிடறப்ப வந்து, ரெண்டாவது ஆம்லெட் எதுக்கு, அந்தக் காசை இங்க போடுன்னுச்சு. எம்பட குரல்லயே. தாங்க முடியல." ஈஸ்வரன் தேங்காய் பன்னைப் பிய்த்துப் பாதியை மட்டும் சாப்பிட்டான். "உன்ற டூப்பு உன்னை மாதிரித்தானே இருக்கும்? நீ எவனுக்காச்சும் மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லியிருக்கயா?"

பூபதிராஜா யோசித்துப் பார்த்தார். சொன்னதில்லை. கோயில் வசூலுக்கு வந்தவன், அட்வான்ஸ் கேட்ட தையல்காரன், ஜாமீன் கேட்ட பங்காளி, பைக்கை இரவல் கேட்டுத் திருப்பியே தராத எதிர்வீட்டுக்காரன், யாரிடமும் சொன்னதில்லை. தம் வாழ்க்கையை நாசமாக்கிய அந்தக் குணத்தை இப்படி உபயோகப்படுத்தலாம் என்று அதுவரை அவருக்குத் தெரியாமல் போனதே என்றுதான் வருத்தப்பட்டார்.

மறுநாள் எட்டரைக்கு அழைப்பு வந்ததும் அவரே முந்திக்கொண்டார். "வணக்கம் மேனேஜர் சார்!"

"என்னையாங்க சொல்றீங்க?"

"பின்னே? இத்தனை பெரிய கம்பெனி உங்களை நம்பி இருக்குது. என்ன ஒரு பேச்சு, என்ன ஒரு பக்குவம். உங்களை மாதிரி ஒருத்தர் சொன்னா மேல இருக்கறவங்க தட்டவா போறாங்க? ஒரு பத்து நாள் தள்ளி வெக்க உங்களால முடியாதா?"

தமக்கு எந்த இடத்தில் சொறிந்தால் சுகம் என்று தமக்குத் தெரியாதா என்ன. குரல் கொஞ்சம் தடுமாறியது. பிறகு, பூபதிராஜா வாழ்நாள் முழுக்க எல்லோருக்கும் சொன்ன அதே பதிலைச் சொன்னது.

"சரிங்க, பாத்துக்கலாமுங்க."

அதற்குப் பிறகு வாழ்க்கை சுகமாகப் போனது. மாதக் கடைசியில் 'மேனேஜர் சார்' என்று நாலு வார்த்தை. அந்த மாதத்துக் கதை முடிந்தது. நாலு மாதம் ஒரு காசு கட்டவில்லை, அமீனாவும் வரவில்லை. பேக்கரியில் உட்கார்ந்து, தாம் தம்மை எப்படி மடக்கினார் என்பதை இரண்டு மேசைக்குக் கேட்கும்படி சொல்வார். ஈஸ்வரன் மட்டும், "எங்கயோ இடிக்குது மாப்ள" என்பான். பொறாமை என்று நினைத்துக்கொள்வார்.

நாலாவது மாதக் கடைசியில் ஃபைனான்ஸிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 'தவணை தவறாத வாடிக்கையாளரே! உங்களுக்கு மேலும் ஐந்து லட்சம் தயார். பழைய ஜாமீன்தாரரின் புதுக் கையெழுத்து மட்டும் போதும்.'

தவணை தவறாத வாடிக்கையாளர்! பூபதிராஜா அதை மூன்று முறை வாசித்தார். கட்டாத பணத்தைக் கட்டியதாகவே எழுதி வைத்துவிட்டான் டூப்பு. தமக்காகக் கணக்கையே திருத்தியிருக்கிறான். நம் ஆள் அல்லவா, வேறு எப்படி இருப்பான் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

நல்ல புத்தி இருக்கிறவன் அந்த மெசேஜைப் பார்த்தால் பயந்திருப்பான். இவர் தரணிகாவை நினைத்தார். ஹைதராபாத்தில் இருக்கும் அவள் இப்போது ஆறு மாதம். அடுத்த மாதம் வளைகாப்பு. தாய்மாமன் வெறுங்கையோடு போய் நிற்க முடியுமா? ஒரு ஐம்பத்தோரு தட்டாவது வேண்டாமா? ஃபாரத்தை அச்செடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, 'இன்னும் ரெண்டு மெஷின் போடலாம்னு இருக்கேங்க்கா' என்ற வாக்கியத்தை வண்டியில் போகும்போதே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். இரண்டு தடவையும் தொண்டை கனைத்தது.

அவிநாசி போய்ச் சேர்ந்தபோது மாலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கோகிலவாணி முன்னறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மாவுப் பாக்கெட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உடனே கடிகாரத்தைப் பார்த்தார்.

"வா கண்ணு. இப்படி உக்காரு. ஆறு மணிக்கு ஒரு போன் வரும், பேசிட்டு வந்தர்றேன்."

"தரணிகாவா?"

"அவளுக்கு ஏது நேரம்? ஞாயித்துக்கிழமை பேசுவா."

போன் அடித்தது. மாவுக் கை என்பதால் அக்கா முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"வணக்கமுங்க. இது உங்க தம்பி பூபதிராஜாவோட வசூல் நகலுங்க. சட்டப்படி சொல்லிரணுமுங்க," என்றது பூபதிராஜாவின் குரல். பிறகு இறங்கி, இளகி, "முழங்கால் எப்படி இருக்குதுக்கா? நேத்து எண்ணெய் தேச்சயா? சாப்புட்டயா?" என்றது.

அக்காவுக்கு முழங்கால் வலி என்பதே ஃபாரத்தோடு உட்கார்ந்திருந்த அசல் பூபதிராஜாவுக்கு அப்போதுதான் தெரியும்.

"தேச்சேன் சாமி. இன்னிக்குத் தேவலாம். மதியம் ரசஞ்சோறு. எண்பது பாக்கெட் போச்சு."

"நல்லதுக்கா. அப்பறம்... இந்த மாசமும் தவணை வரலேக்கா. மேல இருந்து நெருக்கறாங்க. உன்னை விட்டா எனக்கு யாரு..."

"நாளைக்கு பேங்க்ல போட்டர்றேன். நீ ஒண்ணும் மனசு சங்கடப்பட்டுக்காதே."

"அவனுக்குத் தெரிய வேண்டாங்க்கா. கூசிப்போயிருவான்."

அக்கா எதிரில் உட்கார்ந்திருந்த தம்பியை ஒரு பார்வை பார்த்தார். "சரி சாமி, வெச்சர்றேன். ஒறம்பரை வந்திருக்குது," என்று தம்பியை விருந்தாளியாக்கிப் போனை நிறுத்தினார்.

பூபதிராஜா வாயைத் திறந்தபோது குரல் வரவில்லை. அவருடைய குரல் அப்போதுதான் போனில் பேசிவிட்டுப் போயிருந்தது.

"எத்தனை மாசமாக்கா?"

"நாலு." கோகிலவாணி அடுத்த பாக்கெட்டை எடுத்தார். "முதல்ல அந்த வெள்ளிக் குத்துவிளக்கை வித்துக் கட்டினேன். தரணிகா ஹைதராபாத்துல இதை எங்கே வெக்கறதுன்னு இங்கயேதான் உட்டுட்டுப் போனா. அப்பறம் சீட்டுப் பணம். போன மாசம் ஒரு மோதிரம், இந்த மாசம் ஒரு மோதிரம் அடகு வெச்சேன்."

குத்துவிளக்கு அவர் வைத்த சீரில் முதல் தட்டு.

"மெஷினுக்கு மட்டும் வாங்கலேன்னு உனக்குத் தெரியுமாக்கா?"

"அவன் முத நாளே சொல்லிட்டான், மீதி சீருக்குத்தான் போச்சுன்னு. நீ சொல்லியிருக்க மாட்டே." குரலில் கோபமே இல்லை. அதுதான் பூபதிராஜாவுக்குத் தாங்கவில்லை. "நானும் ஒரு கணக்கு வெச்சுக்கிட்டேன். நான் கட்டற ஒரு தவணை, உன்ற சீர்ல ஏழு தட்டுக்குச் சமம். நாளைக்குக் கட்டினா இருபத்தெட்டு ஆச்சு. இன்னும் நூத்தி இருபத்து மூணு."

"ஏங்க்கா என்னைக் கூப்பிட்டுத் திட்டலே?"

"திட்டினா நீ போனை எடுக்க மாட்டே. அவன் தினம் ஆறு மணிக்குப் பேசறான். தரணிகா போன பொறகு இந்த வீட்டுல எங்கிட்டப் பேசறது யாரு? மாவு வாங்க வர்றவங்க. அவங்களும், எவ்வளவுங்க, சில்லறை இருக்காங்கன்னு கேப்பாங்க. சாப்புட்டயான்னு அவன் ஒருத்தன்தான் கேக்கறான்." அக்கா பாக்கெட்டை அழுத்தி ஒட்டினார். "டூப்புன்னு தெரியும் கண்ணு. தினம் அவனே சொல்லிட்டுத்தானே ஆரம்பிக்கறான். இருந்தாலும் குரல் உன்றதுதானே. நீ என்ன விசயமா வந்தே?"

பூபதிராஜா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். தொண்டையைக் கனைக்காமல், "சும்மாதாங்க்கா" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கனைப்பில்லாமல் ஒரு பொய் வந்தது. அழுகை அடைத்துக்கொண்டதில் கனைப்புக்கு இடமில்லாமல் போயிருக்கலாம்.

மறுநாள் காலை எட்டரைக்கு அவரே காத்திருந்து எடுத்தார்.

"உனக்கு வெக்கமா இல்லையா? இட்லி மாவு விக்கறவகிட்டப் போய்ப் பல்லைக் காட்டியிருக்கே!"

"திட்டாதீங்க முதலாளி." குரல் கூனிக் குறுகிப்போய் வந்தது. "ஆபீசுல ஒரு கண்காணிப்பு சிஸ்டம் இருக்குதுங்க. வாராவாரம் வசூல் என்னாச்சுன்னு கேக்கும். உங்களுக்கும் முடியாதுன்னு சொல்ல வாய் வரல, அதுக்கும் முடியாதுன்னு சொல்ல வாய் வரல. ரெண்டு பக்கமும் சரிங்க பாத்துக்கலாமுங்கன்னு சொல்லி மாட்டிக்கிட்டேன். மாட்டிக்கிட்டா நாம எங்க போவோம்? ஜாமீன்தாரர்கிட்டப் பேசலாம்னு சட்டத்துலயும் இருந்துச்சு. அக்காகிட்டப் போயிட்டேன்."

பூபதிராஜாவுக்குக் கை ஓங்கியது. யாரை அடிப்பது என்று தெரியாமல் ஓங்கிய கையைத் தலையில் வைத்துக்கொண்டார். நாலு மாதமாகத் தாம் தம்மை மடக்கிவிட்டதாகப் பேக்கரியில் சொன்ன கதை ஒவ்வொரு வரியாக ஞாபகம் வந்தது.

"அமீனாவை வரச் சொல்லு," என்றார். "எம்பட ஷெட்டுக்கு. எட்டு மெஷின், ஜெனரேட்டர், அயர்ன் டேபிள் எல்லாத்தையும் எடுத்துக்கட்டும். நானே சம்மதக் கையெழுத்துப் போடறேன். கணக்கை முழுசா முடிச்சுக்கங்க."

"மெஷின் போச்சுன்னா நீங்க முதலாளி இல்லீங்களே!"

"தெரியும்."

"இன்னிக்கு அஷ்டமிங்க."

"பரவால்லே."

குரல் தொண்டையைக் கனைத்தது. "இல்லீங்க, மேல சிஸ்டத்துல ஒரு வேலை நடக்குது. வியாழக்கிழமை வரைக்கும்..."

"கனைச்சே," என்றார் பூபதிராஜா.

குரல் மெல்லச் சொன்னது: "கணக்கு முடிஞ்சா என்னை அழிச்சுருவாங்க முதலாளி. கடன் இருக்கற வரைக்குந்தான் நான். அதை விடுங்க, ஆறு மணிக்கு அக்காவுக்கு யாரு பேசுவாங்க? ஒரு ஆறு மாசம் பொறுக்கலாமுங்களே. ஒரு தடவை எனக்காகச் சரின்னு சொல்லுங்களேன்."

தமக்கே உரிய குரலில் தம்மிடமே கெஞ்சுவதைக் கேட்பது எத்தனை கஷ்டம் என்று பூபதிராஜாவுக்கு அப்போது விளங்கியது. பத்து வருஷமாக இந்தக் குரலைக் கேட்டுச் சரி சொன்னவர்களையெல்லாம் நினைத்துப் பரிதாபப்பட்டார். 'சரிங்க, பாத்துக்கலாமுங்க' என்பது நாக்கு நுனிவரை வந்தது.

"முடியாது," என்றார்.

சொல்லி முடித்ததும் தரையில் உட்கார்ந்துகொண்டார். அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

அமீனா நிஜமான மனிதர். ரிட்டயராக ஒரு வருஷம் பாக்கி இருக்கிற, மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர். இரண்டு ஆட்களோடு வந்து ஒவ்வொரு மெஷினாக எண் பார்த்து எழுதிக்கொண்டார். "இத்தனை வருச சர்வீஸ்ல, காப்பி வாங்கிக் குடுத்து ஜப்தி பண்ணச் சொன்ன மொத ஆளு நீங்கதானுங்க," என்றார். அதிலும் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்ததைப் பூபதிராஜா அடக்கிக்கொண்டார். எல்லாம் போக ஒரு ரூபாய் மிஞ்சவில்லை. அக்காவின் வீட்டுப் பத்திரம் திரும்பி வந்தது. 'பூபதிராஜா நிட்ஸ்' என்ற போர்டை மட்டும் அமீனா எடுக்கவில்லை. விலை போகாத பொருள் பட்டியலில் அதைச் சேர்த்திருந்தார்.

டூப்பிடமிருந்து மறுநாள் எட்டரைக்கு அழைப்பு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எட்டரை மணி ஆனதும் கை தன்னால் போனைத் தேடியது. சுகன்யாவிடம் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் சொன்னார். அவள் பாதியில் அழுது, முழுசாகத் திட்டி, கடைசியில், "அந்த டூப்பு எனக்கும் ஒரு போன் போட்டிருக்கலாம். நீங்க சொல்றதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கும்," என்றாள்.

ஈஸ்வரன் கம்பெனியில் நாற்பத்தி ஏழாம் நம்பர் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தார். சம்பளத்தில் பேரம் பேசியதில் ஈஸ்வரன் முந்நூறு ரூபாய் குறைத்துவிட்டான். மாதம் ஒரு தட்டுக்கான பணமாவது அக்காவுக்குப் போட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். இருபத்தெட்டு தட்டு, இரண்டு வருஷத்துக்கு மேல். வளைகாப்புக்கு ஒரே ஒரு தட்டு, அதில் கண்ணாடி வளையல்.

முதல் நாள் டீ இடைவேளைக்குச் சங்கு ஊதியபோது மணி ஆறு. பஞ்சு ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அக்காவின் எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே அக்கா எடுத்துவிட்டார்.

"அக்கா, சாப்புட்டயா?"

அந்தப் பக்கம் மாவுப் பாக்கெட்டின் சலசலப்பு நின்றது. அக்கா உற்றுக் கேட்கிறார் என்று தெரிந்தது.

"நீயா, அவனா?"

"நான்தாங்க்கா."

"நீதான். அவனாயிருந்தா முதல்ல முழங்காலைக் கேட்டிருப்பான்." கோகிலவாணி ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு, எத்தனையோ வருஷப் பழக்கத்தில் வருகிற அதே பரிவோடு, "சொல்லு கண்ணு, எவ்வளவு வேணும்?" என்றார்.

பூபதிராஜாவுக்குக் கண் கலங்கியது. அந்தக் கேள்வியைக் கேட்க அக்காவுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"ஒண்ணும் வேண்டாங்க்கா. சும்மாதான் பண்ணினேன். முழங்கால் எப்படி இருக்குது?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தார். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடியும் காதில் வைத்தார். அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நேத்தும் முந்தாநாளும் ரொம்ப வலி," என்றார் கோகிலவாணி. "கேக்க ஆளில்லாம யாருகிட்டயும் சொல்லல."

டீ இடைவேளை பத்து நிமிடம். பூபதிராஜா இருபது நிமிடம் பேசினார். ஈஸ்வரன் அரை மணி நேரச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டான்.